எட்டுப் பேர் வேண்டும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நெட்டை தன்னுடைய பதினோராம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் அண்ணியின் மேஜை மேல் வைத்தாள். "படிக்கணும் மேடம்" என்றாள்.

அண்ணி முதலில் ஜெர்சியைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குக் கழுத்தை நன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. நெட்டை என்று யாரும் சும்மா பெயர் வைக்கவில்லை.

"பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே?"

"ஆமா மேடம். இப்பவே ஆரம்பிச்சாத்தான்..."

கதவு நிலையில் தலை இடிக்காதபடி குனிந்து வெளியே போய்விட்டாள்.

என் அண்ணி ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடுவதால் அண்ணிக்குச் சின்ன மேடம் என்ற பெயர் தானாகவே வந்துவிட்டது. இந்த வருடம் கல்லூரி திறந்தபோது அணியில் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். நெட்டை போனதும் ஏழு பேர். போன ஏழு பேரும் ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். படிப்பு.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தான் ஆடுவார்கள். அப்படியென்றால் ஏழு பேர் போதுமே என்று தோன்றும். ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் குறைந்தது எட்டு வீராங்கனைகளின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தப் படிவத்துக்குக் கடைசி நாள் அந்த வார வெள்ளிக்கிழமை. படிவம் போகவில்லை என்றால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தைக் கார் நிறுத்தும் இடமாக மாற்றிவிடலாம் என்று நிர்வாகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டேப்போடு வந்து, பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே குறுக்கும் நெடுக்கும் நடந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். அணி இல்லை என்றால் சின்ன மேடமும் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு ஏசி மெக்கானிக். ஏதோ ஒரு மின்விசிறியை அக்கக்காகப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தான்.

"இன்னிக்கு யாரு?" என்று கேட்டான்.

"நெட்டை."

"அவளுக்கும் படிப்பா?"

"ம்."

"ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல படிப்பு வந்துடுச்சா? உங்க காலேஜ் பிரின்சிபாலுக்கு மாலை போடணும்."

அண்ணி சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டா, அவளே நொந்துபோய் வந்திருக்கா, நீ வேற" என்று அதட்டிவிட்டு, டீயைக் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு, "செருப்பைக் கழட்டும்மா முதல்ல" என்றாள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. கல்லூரி மைதானத்து ஓரத்தில் குடிதண்ணீர் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் எண்ணெய் படிந்த ஷூவோடு ஆடுகளத்துக்கு நடுவே நடந்துபோனான். ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள ஒரு பெண் ஓடிவந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவன் கையில் ஈரத்துணி சுற்றிய துடைப்பத்தைக் கொடுத்தாள். அவன் மூலையிலிருந்து மூலைவரை துடைத்தான். "அன்னிக்குக் குடுத்த துடைப்பம். இன்னும் திருப்பி வாங்கலை" என்று இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

ஐந்தடி ஒரு அங்குலம் என்பது கூடைப்பந்தில் ஒரு உயரமே இல்லை. அண்ணி பள்ளியில் முதன்முதலாகப் பெயர் கொடுக்கப் போனபோது, "நீ கேரம் ஆடலாமே" என்று சொன்னார்களாம். மறுநாளும் போய் வரிசையில் நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். அண்ணியின் அப்பா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவர். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பும்போதே மகளையும் எழுப்பிப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போவார். அதனால் பயிற்சிக்கு முதலில் வருவது எப்போதும் அண்ணிதான். ஒரு மாதம் கழித்து, வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

அண்ணியால் கூடையை எட்ட முடியாது. ஆனால் பாஸ் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "மத்தவங்க எல்லாம் தலைக்கு மேல இடம் தேடுவாங்க. நான் அக்குளுக்குக் கீழே தேடுவேன். அங்கே எப்பவும் இடம் இருக்கும், கொஞ்சம் நாத்தமும் இருக்கும்" என்பார். இதே கல்லூரியில் பெரிய மேடத்திடம் ஆடினார். மூன்றாம் வருடம் கேப்டன் ஆனார். இரண்டு கோப்பைகள் வாங்கினார்கள். அப்புறம் முழங்கால் போயிற்று. வீட்டில் கிடந்தவரை பெரிய மேடம்தான் கூப்பிட்டு, "முட்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்கார்ற வயசா இது? கிளம்பி வா" என்று இந்த வேலையில் சேர்த்துவிட்டார். அதனால் பெரிய மேடத்தை எதிர்த்து அண்ணி ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை.

பெரிய மேடம் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். பதினாறு வருடங்களாக ஒரு நாள்கூடப் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில்லை. அடிபட்ட பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் போவார். ஆனால் தோல்வி மட்டும் அவருக்குப் பொறுக்காது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்.

ஆட்டத்தில் தோற்றால் உடைமாற்றும் அறையில் பெண்கள் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். "யாரால தோத்தோம்?" என்று பெரிய மேடம் கேட்டதும், ஒவ்வொருத்தியும் ஒருத்தியை நோக்கி விரல் நீட்ட வேண்டும். தன்னையே காட்டிக்கொள்ளக் கூடாது. "தியாகம் எல்லாம் இங்க வேணாம்" என்பார். கேள்வி கேட்டதும் பெரிய மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். யார் யாரைக் காட்டினார்கள் என்று தெரிந்தால் தனக்கு ஒருத்தி மேல் பாசமும் ஒருத்தி மேல் கோபமும் வந்துவிடும், அது நியாயம் இல்லை என்பது அவருடைய கணக்கு. ஆக, அந்த அறையில் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறவர் ஒருவர்தான். அது என் அண்ணி. அவர் விரல்களை எண்ணி, "இன்னாருக்கு நாலு" என்று சொல்லுவார். விரல்கள் இறங்கும். கண்கள் திறக்கும். அதிக விரல் வாங்கியவள் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்காருவாள்.

யார் யாரைக் காட்டினார்கள் என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. என்னிடமும் சொன்னதில்லை, நான் எவ்வளவோ நச்சரித்தும்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணி தன்னுடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை பாஸ் என்று எண்ணி எழுதுவது அவர் பழக்கம். இந்த வருடத்து முதல் ஆட்டத்தில் இருநூற்று அறுபது. கடைசி ஆட்டத்தில் நூற்று நாற்பது.

"பந்து கையை விட்டுப் போகவே மாட்டேங்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குச் சாயங்காலம் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருப்பவளிடம் இது என்ன கேள்வி? வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முதலில் பம்பரத்தின் வீட்டுக்குப் போனோம். பந்தோடு சுழன்று திரும்புவதில் கெட்டிக்காரி, அதனால் அந்தப் பெயர். அவள் அம்மாவுக்கு ஒரு தையல் கடை. பம்பரம் வாசல் பக்கம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் ஊசியைக் கவனிக்காமல் எழுந்து விரலில் குத்திக்கொண்டாள்.

"படிக்கிறேன்னு சொன்னியே?" என்றார் அண்ணி.

"பொத்தான் தைக்கிறதும் ஒரு படிப்புதான் மேடம்."

"கதை விடாத. ஏன் போனே?"

அவள் அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "நல்லாக் கேளுங்க. எங்கிட்டயும் படிப்புன்னுதான் சொன்னா. புத்தகத்தைத் தொட்டு நான் பார்க்கலை" என்றார்.

பம்பரம் குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பினாள். அப்புறம் கொட்டினாள். "எனக்கு நாலு விரல்னு சொன்னீங்க. ஒரு ஆட்டம் பெஞ்சுல உக்காந்தேன், அது பரவாயில்ல மேடம். திரும்ப இறங்கினப்பதான் கஷ்டம். பந்தைக் கையில வாங்கிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். நாலு பேரும் கையை நீட்டி நிக்கிறாங்க. இவளா, அவளா, இவ காட்டியிருப்பாளான்னு மனசு ஓடுது. அதுக்குள்ள பந்தைப் பிடுங்கிட்டுப் போயிடுறாங்க. சாப்பிடும்போதும் அதே நெனப்பு. பஸ்ல பக்கத்துல உக்காந்தா அதே நெனப்பு. யார் கண்டுபிடிச்சாங்களோ இதை. அவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க."

"நான்தான்" என்றார் அண்ணி.

தையல் இயந்திரம் நின்றது.

அண்ணி கேப்டனாக இருந்தபோது, ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ஆட்டப் பந்தை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று சண்டை வருமாம். அதைத் தீர்க்க அண்ணி ஒரு வழி செய்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு யாரால் ஜெயித்தோமோ அவளைக் காட்ட வேண்டும். கண்ணை மூடினால் வெட்கம் இருக்காது, தோழிக்காக ஓரவஞ்சனையும் செய்ய வேண்டியதில்லை. அதிக விரல் வாங்கியவளுக்குப் பந்து. பெரிய மேடத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணி படிப்பு முடிந்து போன பிறகு, வெற்றிக்கு இருந்ததைத் தோல்விக்கு மாற்றிவிட்டார். அண்ணி வேலைக்குத் திரும்பி வந்தபோது அது ஊறிப்போன வழக்கமாகி இருந்தது. எண்ணச் சொன்னார்கள், எண்ணினார்.

"அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணி. "சொல்லலை. வேலைக்குச் சேர்ந்த புதுசு."

பம்பரம் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. "எனக்கு அது விட்டுப்போச்சு மேடம்" என்றாள். அண்ணி வற்புறுத்தவில்லை.

நெட்டையின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் எங்களைக் கண்டதும், வேகமாக உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் விரல் வைத்திருந்தாள்.

"எவ்வளவு படிச்சிருக்கே?" என்றார் அண்ணி.

"முன்னுரையில இருக்கேன் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது.

கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், அவள் யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டைத் தவறவிட்டிருந்தாள். ஒரு புள்ளியில் தோற்றார்கள். அன்றைக்கு வட்டத்தில் எட்டுப் பேர். அண்ணி சொன்ன எண்ணிக்கை ஆறு.

"என்னைக் கழிச்சா மிச்சம் ஏழு பேர். அதுல ஆறு பேர் என்னைக் காட்டியிருக்காங்க. ஒருத்தி மட்டும் காட்டலை. அவ யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அவகூட மட்டும் பேசிக்கிறேன். மத்தவங்க வேண்டாம்."

"அதைச் சொன்னா மத்த ஆறு பேர் யாருன்னும் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே!"

நெட்டை புத்தகத்தை மூடி வைத்தாள். "நானும் ஒருத்தியைக் காட்டினேன் மேடம். யாரையாவது காட்டணுமேன்னு, ரேடியோவைக் காட்டினேன். அவ எந்தத் தப்பும் பண்ணலை. அன்னிக்கு பஸ்ல அவ எனக்கு சாக்லேட்டைப் பாதி உடைச்சுக் குடுத்தா. வாயில வச்சேன், முழுங்க முடியலை. அதுக்கப்புறம் எப்படி மேடம் அங்க வர்றது?"

ரேடியோ என்பது அணியில் இன்னும் இருக்கும் ஒருத்தி. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர்.

"இனிமே நான் எண்ண மாட்டேன்" என்றார் அண்ணி.

"நீங்க எண்ணலைன்னா பெரிய மேடம் வேற யாரையாவது எண்ணச் சொல்லுவாங்க."

"பார்க்கலாம்."

வண்டியில் திரும்பி வந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அண்ணி, "பத்து வருஷமா எண்ணியிருக்கேன்" என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

புதன்கிழமை காலை, பந்துகளும் வலைகளும் வைத்திருக்கும் அறையில் பெரிய மேடம் காற்றுப் பம்போடு உட்கார்ந்திருந்தபோது அண்ணி பேச்சை எடுத்தார். இதை அண்ணியே பிறகு எனக்கு நடித்துக் காட்டினார், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், அந்த விரல் காட்டுறதை விட்டுடலாம். அதனாலதான் பிள்ளைங்க போறாங்க."

பெரிய மேடம் பந்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "யார் சொன்னது?"

"போனவங்களைப் போய்ப் பார்த்தேன்."

"போனவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீ போனியா? என்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கினே. போனியா?"

"என்னை நீங்க திட்டினீங்க மேடம். என் கூட ஆடினவளை விட்டுத் திட்ட வைக்கலையே."

பெரிய மேடம் பம்பைக் கீழே வைத்தார். "இங்க பாரு. தோத்தா வலிக்கணும். வலிச்சாத்தான் அடுத்த தடவை ஓடுவா. இருக்கிறவ இருக்கட்டும், போறவ போகட்டும்."

"எட்டுப் பேர் வேணும் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அப்போ போய் எட்டாவது ஆளைத் தேடு. எனக்குப் பாடம் எடுக்காத."

அண்ணி வெளியே வந்தார். ஆனால் எண்ணுவதில்லை என்று முடிவு செய்தாயிற்று. அன்று மாலை ஒரு பயிற்சி ஆட்டம் இருந்தது. இருக்கும் ஏழு பேரை வைத்து ஆட வேண்டும். தோற்பார்கள் என்று ஊருக்கே தெரியும். தோற்றதும் வட்டம் போடச் சொல்லுவார். அப்போது, பெண்கள் முன்னாலேயே, முடியாது என்று சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும். மதியம் அண்ணனுக்கு போன் செய்து சொன்னார். அண்ணன் எங்கோ ஒரு மாடியில் ஏசிக்கு அடியில் நின்றுகொண்டு, "சொல்லிடு. வேலை போச்சுன்னா என்கூட ஸ்குரு டிரைவர் பிடிக்க வா. உனக்குத்தான் கீழே இடம் தேடத் தெரியுமே, கட்டிலுக்கு அடியில வயர் இழுக்க ஆள் வேணும்" என்றானாம்.

இருபத்திரண்டு புள்ளிகளில் தோற்றார்கள்.

ஏழு பெண்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நெட்டை எப்போதும் உட்காரும் இடம், சுவரோரக் குழாய்க்குப் பக்கத்தில், காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து அதை அடைக்கவில்லை. பெரிய மேடம், "கண்ணை மூடுங்க" என்றார். மூடினார்கள். "யாரால தோத்தோம்?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விரல்கள் நீண்டன.

"எண்ணு" என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார். மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணச் சொன்னேன்."

"நான் எண்ணலை மேடம்" என்றார் அண்ணி. "இனிமேலும் எண்ண மாட்டேன். ஆனா இந்த ஒரு தடவை நீங்க திரும்பிப் பாருங்க."

அந்த வழக்கம் வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெரிய மேடம் திரும்பினார். பெண்களும் கண்ணைத் திறந்துவிட்டார்கள், ஆனால் விரலை மட்டும் யாரும் இறக்கவில்லை. ஏழு விரல்களும் சுவரோரக் குழாய்க்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

"என்ன இது? அங்க யாரு இருக்கா?"

ரேடியோகூட ஒரு நிமிடம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவள்தான் சொன்னாள். "நாங்க ஏழு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம் மேடம். இல்லாதவ மேல போட்டா, இருக்கிறவங்க யாரும் போக மாட்டாங்க. இன்னும் ஒருத்தி போனா ஆறு. அப்புறம் அஞ்சு. அஞ்சு பேருக்கு அப்புறம் ஆட்டமே இல்ல மேடம்."

பெரிய மேடம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும் என்று அண்ணி சொன்னார்.

வியாழக்கிழமை பெரிய மேடம் பயிற்சிக்கு வரவில்லை. அண்ணியே விசில் ஊதிப் பயிற்சி கொடுத்தார். மதிய இடைவேளையில் வகுப்பு வகுப்பாகப் போய், "யாராவது கூடைப்பந்து ஆட வர்றீங்களா? தெரியாட்டிப் பரவாயில்லை" என்று கேட்டார். ஒரு வகுப்பில் மூன்று பேர் கை தூக்கினார்கள். கிட்டப் போய்க் கேட்டால், மூவருமே கைப்பந்து என்று நினைத்திருக்கிறார்கள்.

இதற்குள் ரேடியோ தன் வேலையைச் செய்துவிட்டாள். புதன்கிழமை நடந்ததை, விட்டுப்போனவர்கள் ஏழு பேருக்கும் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவர்களில் நெட்டையும் ஒருத்தி. அதன் விளைவு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. பயிற்சி ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் நெட்டை மைதானத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள்.

"ஏண்டி, போன தடவை ஆறு பேருதான் என்னைக் காட்டினீங்க. இந்தத் தடவை ஏழு பேருமா? நான் இல்லாத ஆட்டத்துக்கும் நான்தான் பொறுப்பா? இருபத்திரண்டு பாயின்ட்டுக்கும் நானா?"

"நீ இல்லாததாலதான் தோத்தோம். அப்போ உன்னாலதானே?" என்றாள் ரேடியோ.

"உன் வாயில ஸ்டிக்கர் ஒட்டணும்."

"ஒட்டு. முதல்ல ஜெர்சியை மாட்டு."

நெட்டை அவளைப் பார்த்து, "ரேடியோ, அன்னிக்கு நான் உன்னைத்தான் காட்டினேன்" என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

ரேடியோவின் முகம் ஒரு நிமிடம் மாறியது. "நானும் உன்னைத்தான் காட்டினேன்" என்றாள். "சாக்லேட் அதுக்குத்தான் குடுத்தேன். மனசு உறுத்துச்சு."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று அண்ணிக்குச் சரியாக நினைவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்களாம், இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்களாம். நெட்டை மட்டும் அண்ணியிடம் வந்து, "அந்த ஒருத்தி யாருன்னு இப்பவாவது சொல்லுங்களேன்" என்றாள். அண்ணி சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. படிவத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

எட்டுக் கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் அதற்குக் கீழே தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவரைக் காணவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. அண்ணி பந்து அறையிலேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். பதினொன்றே கால் மணிக்குப் பெரிய மேடம் வந்தார். படிவத்தை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்தார். எட்டாவது பெயரில் நின்றார்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா மேடம்."

"என்ன சொல்லிக் கூப்பிட்டே?"

"கூப்பிடலை. எண்ண மாட்டேன்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். திட்டறதுக்காக வந்தா. அப்படியே இருந்துட்டா."

பெரிய மேடம் பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார். "இத்தனை வருஷத்துல எத்தனை பேர் விட்டுட்டுப் போயிருப்பாங்க?"

"நூறு பேருக்கு மேல இருக்கும் மேடம்."

"நான் அதை எண்ணினதே இல்லை" என்றார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பழைய குரலிலேயே சொன்னார். "ஆட்டத்துல நான் கத்தத்தான் செய்வேன். அதை என்னால மாத்திக்க முடியாது. தோத்தா உள்ளே போய் அவங்ககிட்டப் பேசுறது இனிமே உன் வேலை. நான் வர மாட்டேன்."

"சரி மேடம்."

"என்ன பேசுவே?"

"தெரியலை மேடம்."

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெரிய மேடம் காற்றுப் பம்பை எடுத்துக்கொண்டார். அண்ணி படிவத்தோடு அலுவலகத்துக்கு ஓடினார். முழங்கால் போனதற்குப் பிறகு அவர் ஓடியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சாயங்காலம் அது வீங்கியிருந்தது. அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "படிவத்துக்குக் கால் முளைச்சா ஓடப்போகுது? நடந்து போயிருக்கலாமே" என்று திட்டினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போட்டியின் முதல் ஆட்டம். நானும் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் ஜெயித்தோம் என்று எழுதத்தான் ஆசை. ஒன்பது புள்ளிகளில் தோற்றார்கள். பெரிய மேடம் தொண்டை கட்டும்வரை கத்தினார். நெட்டை நான்கு ஃப்ரீ த்ரோ எறிந்ததில் மூன்று விழுந்தது. பாஸ் எண்ணிக்கை இருநூற்றுப் பதினெட்டு என்று அண்ணி பிறகு சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேரும் உள்ளே போய், பழக்கத்தில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்களாம். அண்ணியும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். அதுவரை அந்த அறையில் அவர் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார். ஏதாவது பெரியதாகச் சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை.

"மூணாவது பகுதியில நமக்கு மூச்சு வாங்கிடுச்சு. அதுலதான் ஆட்டம் போச்சு" என்றார். "எட்டுப் பேரை வச்சுக்கிட்டு மூச்சு வாங்காம ஆடணும்னா இன்னும் ஓடணும். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"ஆறு" என்றார்கள் சில பேர்.

"ஆறரை மேடம், ப்ளீஸ்" என்றாள் ரேடியோ.

"ஆறு."

மறுநாள் அண்ணி ஐந்தே முக்காலுக்குப் போய் விளக்கைப் போட்டு, பந்துகளை எடுத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் நெட்டை வந்தாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். ஆறு அடிக்கும்போது ஏழாவது பெண் ஓடிவந்தாள். ஆறு ஐந்துக்கு ரேடியோ வந்தாள், கூடவே ஒரு முதலாம் ஆண்டுப் பெண்ணை இழுத்துக்கொண்டு.

"இவளுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்" என்றாள். "பஸ்ல என் பக்கத்துல உக்காந்தா. பேசியே கூட்டிட்டு வந்துட்டேன்."

அண்ணி அந்தப் பெண்ணின் ஷூவைப் பார்த்தார். நாடா சரியாகக் கட்டியிருக்கவில்லை. குனிந்து கட்டிவிட்டு, அவள் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார்.